வெளியே 23, உள்ளே 1: ஒரு கதிர் சிகிச்சையின் வரவு செலவு

பெரியம்மா கணக்கு எழுதுவது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. 2019இல் எழுதிய 39 தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். முதல் தாளில் "கரண்டு 1", கடைசித் தாளில் "கரண்டு 39". அதன் கீழே பஸ், ஷேர் ஆட்டோ, டீ, சாப்பாடு, ஒரு நாள் மட்டும் குடை.

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையை அந்தப் பெயரில் யாரும் சொல்வதில்லை. "கரண்டு வைக்கிறார்கள்" என்றுதான் பேச்சு. பெரியப்பாவுக்கு வந்தது புராஸ்டேட் புற்றுநோய். இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து போகிறார் என்று இரண்டு வருடம் சர்க்கரைக்கே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு மருத்துவர். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தபோது நோய் அபாயம் கூடிய வகைக்குள் போயிருந்தது. பி.எஸ்.ஏ. 20க்கு மேல் இருந்தாலோ, திசுப் பரிசோதனையில் கிளீசன் எண் 8 முதல் 10 வரை வந்தாலோ, கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தாலோ அந்த வகையில் சேர்ப்பார்கள்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டர். போக வர 80. 39 நாளுக்கு 3,120 கிலோமீட்டர். வாரத்துக்கு ஐந்து நாள்தான் கரண்டு, சனி ஞாயிறு கிடையாது. ஒரு திங்கட்கிழமை தொடங்கினால் எட்டாவது வாரத்து வியாழக்கிழமை முடியும். நடுவில் ஒரு பண்டிகை வந்தாலோ, இயந்திரம் ஒரு நாள் பழுதானாலோ கணக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

பெரியம்மாவின் தாள்களைக் கூட்டினால் ஒரு நாளைக்கு இருவருக்கும் சராசரி 340 ரூபாய். 39 நாளுக்கு 13,260. பெரியப்பா தையல்காரர், பெரியம்மா பட்டன் தைத்துக் கொடுப்பவர். இருவருக்கும் அந்த எட்டு வாரம் வேலை இல்லை. இழந்த வருமானத்தை அவர்கள் எழுதவில்லை, நான்தான் எழுதிச் சேர்க்கிறேன். அளவுகோலாக நூறு நாள் வேலையின் கூலியை எடுத்துக்கொண்டேன். 2024-25இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அது ஒரே தொகை, 319 ரூபாய். இருவருக்கு 638. 39 நாளுக்கு 24,882. இரண்டையும் கூட்டினால் 38,142 ரூபாய். பஸ் செலவு 2019 விலை, கூலி 2024 விலை என்பதால் இன்று உண்மையான தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மருத்துவமனை ரசீதில் இந்தத் தொகையின் ஒரு பைசாவும் இருக்காது.

இதே நோய்க்கு வேறொரு வழி இருக்கிறது, அதில் இந்த 39 நாள் 25 நாளாகக் குறையும் என்பது பெரியப்பாவின் சிகிச்சை முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து சேர்த்த எண்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 39 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கதிரின் அளவுக்கு அலகு கிரே. நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 39 நாள், மொத்தம் 78 கிரே. ஒரே நாளில் ஏன் மொத்தமாகக் கொடுக்கக்கூடாது? கதிர் வயிற்றுக்கு வெளியே இருந்து வருகிறது. போகிற வழியில் சிறுநீர்ப்பை இருக்கிறது, பின்னால் மலக்குடல் இருக்கிறது. சுரப்பியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மலக்குடலில் கொஞ்சம் காற்று நின்றாலே சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் சுற்றிலும் ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் கூடுதலாக ஓரம் விட்டே திட்டம் போடுவார்கள். அந்த ஓரத்தில் இருப்பது நல்ல திசு. அது தினமும் கொஞ்சம் அடி வாங்கி, இரவில் கொஞ்சம் ஆறி, மறுநாள் வரவேண்டும். நாள்களை நீட்டுவது அந்த ஆறுதலுக்காகத்தான்.

அந்த 39 நாளிலும் என் மனதில் நிற்பது தண்ணீர் பாட்டில்தான். கரண்டு வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை மேலெழும்பி, குடலையும் மேலே தள்ளி, கதிரின் வழியிலிருந்து விலக்கும். அரை லிட்டர் குடித்துவிட்டு முப்பது, நாற்பது நிமிடம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். புராஸ்டேட் வீங்கிய மனிதருக்கு முடியாத ஒரே காரியம் அதுதான். விழுப்புரம் பஸ் வளவனூர் தாண்டி, மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, கண்டமங்கலத்தில் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்து, வில்லியனூரில் மீண்டும் புதுச்சேரியாகிறது. பாதையில் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது பத்து நாளில் பெரியப்பாவுக்கு மனப்பாடம். மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாள் நடந்த பேச்சு:

"ஐயா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு தம்பி. இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"மூணு பேரு. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கங்க."

"அரை மணி நேரம் தாங்காது தம்பி."

தாங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்து, மறுபடி அரை லிட்டர் குடித்து, மறுபடி காத்திருந்தார். அன்று வீடு திரும்பியபோது இரவு எட்டு மணி. காலண்டர் தாளில் அன்றைக்குச் சாப்பாடு இரண்டு வேளையாக எழுதியிருக்கிறது.

இனி அந்த இன்னொரு வழி. வெளிக் கதிரை 46 கிரேயோடு, அதாவது 23 நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிச்சத்தைச் சுரப்பிக்கு உள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள். இதற்குப் பிராக்கிதெரபி என்று பெயர். பிரெஞ்சில் கூரிதெரபி என்பார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களின் மருத்துவக் காகிதங்களில் அந்தச் சொல்தான் வரும். பெயர் கூரி தம்பதியிடமிருந்து வந்தது. ரேடியம் கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே, 1901இல், பாரிஸின் சான் லூயி மருத்துவமனையில் டான்லோஸ் தோல் நோய்க்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1910களின் தொடக்கத்தில் அதே ஊரில் பாஸ்தோ, தெக்ரே என்ற இரு மருத்துவர்கள் சிறுநீர்ப் பாதை வழியாக ரேடியத்தைப் புராஸ்டேட்டுக்கு அருகே கொண்டுபோனார்கள். கம்பி வடிவ இரிடியத்தை எவ்வளவு இடைவெளியில் வைக்க வேண்டும் என்பதற்கு 1960களில் பியர்க்கேன், துத்ரே, ஷசாஞ் ஆகியோர் வகுத்த விதிகளுக்கு இன்றும் பாரிஸ் முறை என்றே பெயர். இந்தப் பிரெஞ்சுத் தொடர்பு புதுச்சேரிக்கும் உண்டு: 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசாகத்தான் கோரிமேட்டு ஜிப்மர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

உள்ளே வைப்பதால் என்ன லாபம் என்பதைத் தூரத்தின் கணக்கு சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு சென்டிமீட்டரில் 100 என்றால் இரண்டு சென்டிமீட்டரில் 25, மூன்றில் 11. கட்டிக்குள் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும் இரண்டு விரற்கடை தள்ளி வெதுவெதுப்புதான். சுரப்பி நகர்ந்தால் ஊசியும் சேர்ந்து நகரும், ஆகவே எட்டு மில்லிமீட்டர் ஓரமும் தேவைப்படாது.

இரண்டு வகையாகச் செய்கிறார்கள். ஒன்று, அயோடின்-125 அடைத்த மணிகள். ஒரு மணி நாலரை மில்லிமீட்டர் நீளம், முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். எண்பது, நூறு மணிகளைப் புராஸ்டேட்டில் விதைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அயோடினின் அரை ஆயுள் 59 நாள். மெல்ல மெல்ல அணைந்து ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். நம் நாட்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் கண்ணுக்கும் புராஸ்டேட்டுக்கும் பயன்படும் இத்தகைய மணிகளைச் செய்திருக்கிறது. இரண்டாவது வகை, இரிடியம்-192. மூன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் துகள், மெல்லிய கம்பியின் நுனியில் இருக்கும். முதுகில் மரப்பு ஊசி போட்டு, மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே, ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் இடையிலுள்ள தோலின் வழியே பதினாறு, பதினேழு உள்ளீடற்ற ஊசிகளை ஏற்றுவார்கள். ஊசி போகும் வழிக்கு ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்ட தட்டு ஒன்று உண்டு. பிறகு எல்லோரும் அறையைவிட்டு வெளியேறுவார்கள். துகள் ஒவ்வொரு ஊசிக்குள்ளும் போய், ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு முறை சில நொடிகள் நின்று, திரும்பி வரும். 16 ஊசி, ஊசிக்கு 9 நிறுத்தம் என்றால் 144 நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிடுவார். வேலை முடிந்ததும் ஊசிகளை உருவிவிடுவார்கள், உடம்பில் எதுவும் தங்காது. ஒரே தடவையில் 15 கிரே.

46ஐயும் 15ஐயும் கூட்டினால் 61தானே, 78ஐவிடக் குறைவாயிற்றே என்று நானும் முதலில் குழம்பினேன். கதிரில் கூட்டல் அப்படி இல்லை. ஒரே தடவையில் எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்து அடியின் வலிமை மாறும். புராஸ்டேட் புற்றணுக்கள் சிறு அடியைத் தாங்கி எழும், பெரிய அடிக்கு மடியும். இயற்பியலாளர்கள் அதற்கு 1.5 என்ற எண்ணை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு நாளின் அளவை 1.5ஆல் வகுத்து, 1 கூட்டி, மொத்த அளவால் பெருக்க வேண்டும். 39 நாள் முறையில் 2 ÷ 1.5 = 1.33. ஒன்று கூட்டினால் 2.33. அதை 78ஆல் பெருக்கினால் 182. கூட்டு முறையில் 46க்கு அதே 2.33 வீதம் 107. 15 கிரேக்கு 15 ÷ 1.5 = 10, ஒன்று கூட்டினால் 11, பெருக்கினால் 165. மொத்தம் 272. கட்டி உணரும் அடி ஒன்றரை மடங்கு. தினமும் 2 கிரேயாக அதே அடியைக் கொடுப்பதென்றால் 116 கிரேக்கு மேல், அதாவது 58 நாள் தேவைப்படும். அத்தனையும் வெளியிலிருந்து கொடுத்தால் மலக்குடல் தாங்காது.

இந்தக் கணக்கு உடம்பிலும் செல்லுபடியாகிறதா என்று இரண்டு நாடுகளில் மூன்று சோதனைகள் நடந்தன. கனடாவில் ஹாமில்டனில் 104 பேரிடம் நடந்த சிறிய சோதனையின் முடிவு 2005இல் வந்தது. இரிடியம் ஊசியும் வெளிக் கதிரும் சேர்த்துப் பெற்ற 51 பேரில் 17 பேருக்கு நோய் திரும்பியது. வெளிக் கதிர் மட்டும் பெற்ற 53 பேரில் 33 பேருக்குத் திரும்பியது. ஆனால் அந்த 53 பேருக்குக் கொடுத்தது 66 கிரேதான், இன்றைய அளவுக்குக் குறைவு. பிரிட்டனில் ஹாஸ்கின் குழு இருநூற்றுச் சொச்சம் பேரிடம் செய்ததில், நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் வெளிக் கதிருக்கு 74 மாதம், கூட்டு முறைக்கு 116 மாதம். மூன்றரை வருடம் கூடுதல்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது மூன்றாவதை. மறுபடியும் கனடாதான், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அசெண்டு-ஆர்.டி. என்று பெயர். 398 பேர். எல்லோருக்கும் 12 மாத ஹார்மோன் தடுப்பு, எல்லோருக்கும் 46 கிரே வெளிக் கதிர், 23 நாள். அதற்கு மேல்தான் பாதை பிரிந்தது. 200 பேருக்கு இன்னும் 16 நாள் வெளிக் கதிர் கொடுத்து 78 ஆக்கினார்கள். 198 பேருக்கு ஒரே நாளில் அயோடின் மணி விதைத்தார்கள். 16 நாளுக்கு எதிராக 1 நாள். 2017இல் வெளியான முடிவின்படி ஒன்பதாம் ஆண்டில் பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 62, மணி வைத்தவர்களில் 83. வரவுப் பக்கத்தில் 21.

செலவுப் பக்கத்தையும் அதே குழு ஒளிக்காமல் வெளியிட்டது. ஐந்தாண்டுக்குள் தீவிரமான சிறுநீர்ப் பாதைப் பிரச்சினை, அதாவது அடைப்பு நீக்க அறுவை செய்ய வேண்டிய அளவுக்கு வந்தது, வெளிக் கதிரில் நூற்றுக்கு 5.2, கூட்டு முறையில் 18.4. பதின்மூன்று பேர் கூடுதல். எப்போதாவது ரப்பர் குழாய் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டிவந்தவர்கள் 3க்கு 12. சிறுநீர்க் குழாய் புராஸ்டேட்டின் நடுவாகத்தான் போகிறது. 272 விழும் இடத்தில் அது மட்டும் குளிர்ந்திருக்க வழியில்லை. இரிடியம் முறையில் துகள் எங்கே எத்தனை நொடி நிற்கிறது என்பதை மாற்றியமைக்கலாம் என்பதால் அந்தப் பாதையை ஓரளவு காப்பாற்றலாம். முற்றிலும் காப்பாற்ற முடியாது.

இன்னொரு எண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 398 பேரில் எந்தக் குழு அதிக நாள் உயிரோடு இருந்தது என்று பார்த்தால் புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை. பி.எஸ்.ஏ. ஏறுவதற்கும் உயிர் போவதற்கும் நடுவில் பல வருடங்கள் இருக்கின்றன. எழுபது வயது மனிதருக்கு அதற்குள் இதயமோ நுரையீரலோ முந்திக்கொள்ளலாம். 2018இல் அமெரிக்காவிலும் நார்வேயிலுமாக 12 மையங்களின் பழைய பதிவேடுகளைத் தொகுத்தார்கள். கிளீசன் 9, 10 என்ற கடுமையான வகை, 1,809 பேர். ஐந்தாண்டில் இந்த நோயாலேயே இறந்தவர்கள் அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 12, வெளிக் கதிரில் 13, கூட்டு முறையில் 3. எண் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அது குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. ஆரோக்கியமானவர்களையே ஊசிக்குத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். அந்த 3ஐ நான் பாதி நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன். 83ஐயும் 62ஐயும் முழு நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

இனி பெரியம்மாவின் முறையிலேயே நாள் கணக்கு. பயணம் நாளுக்கு 340, கூலி இழப்பு இருவருக்கு 638. ஊசிக்காக மருத்துவமனையில் இரண்டு நாள் தங்கல், அதற்கு ஒரே பயணம்.

39 நாள் வெளிக் கதிர்: 38,142 ரூபாய்.
23 நாள் வெளிக் கதிர், ஊசிக்கு 2 நாள்: 24,110 ரூபாய்.
15 நாள் வெளிக் கதிர், ஊசிக்கு 2 நாள்: 16,286 ரூபாய்.
20 நாள் வெளிக் கதிர் மட்டும்: 19,560 ரூபாய்.
5 நாள் வெளிக் கதிர் மட்டும்: 4,890 ரூபாய்.

மூன்றாவது வரி, நாளுக்கு இரண்டரை கிரே வீதம் 37.5 கிரே கொடுத்து, மேலே ஊசியில் 15 கொடுக்கும் முறை. முன்சொன்ன பெருக்கலில் 265 வருகிறது, கிட்டத்தட்ட 272தான். நாள் எட்டு மிச்சம். நான்காவது வரிக்குப் பின்னால் பிரிட்டனின் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. 3,216 பேர், நாளுக்கு 3 கிரே, 20 நாள். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 37 நாள் முறையில் நூற்றுக்கு 88.3, 20 நாள் முறையில் 90.6. 39 நாளைப் பழைய வழக்கமாக்கிய எண் இது. ஐந்து நாள் முறையும் 2024இல் சோதனையில் தேறியது. 874 பேரில் ஐந்தாண்டுக்குப் பிறகு 95.8, வழக்கமான முறையில் 94.6. ஆனால் இதில் சேர்ந்தவர்கள் அபாயம் குறைந்த, நடுத்தர வகையினர். பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டி ஐந்து நாள் போதும் என்று சொல்லிவிடக் கூடாது.

பெரியப்பாவைப் போன்றவர்களைப் பற்றிய நம் நாட்டுச் சோதனை ஒன்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 224 பேர். எல்லோருக்கும் 25 நாளில் புராஸ்டேட்டுக்கு 68 கிரே. அவர்களில் பாதிப் பேருக்கு அதே 25 நாளில் இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கும் 50 கிரே. 2021இல் வந்த முடிவில், ஐந்தாண்டு பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் 81.2க்கு எதிராக 95. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, கூடுதலாக ஒரு நாளும் இல்லை. பெரியப்பாவுக்குச் சிகிச்சை நடந்தபோது இந்த எண் அச்சாகியிருக்கவில்லை.

ஊசி முறையில் நோயாளி மிச்சம் பிடிக்கிற நாள் எங்கே போகிறது? மருத்துவமனையின் பேரேட்டுக்குப் போகிறது. இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். புதிதாக வரும்போது 10 கியூரி, 74ஆம் நாளில் 5, நான்கு மாதத்தில் மூன்றேகால். புதுத் துகளில் பத்து நிமிடம் எடுக்கும் சிகிச்சை நான்காம் மாதத்தில் அரை மணி நேரமாகிவிடும், மரத்துப்போன காலோடு அந்த மனிதர் கிடக்க வேண்டும். ஆகவே மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை துகளை மாற்றுகிறார்கள். ஐந்து வருடத்தில் 15 முதல் 20 துகள். ஒவ்வொரு முறையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, போக்குவரத்து, அளவு சரிபார்ப்பு. கோபால்ட்-60க்கு அரை ஆயுள் 5.27 வருடம், ஐந்து வருடத்துக்கு ஒரே துகள் போதும். ஆனால் கதிரைப் பாதியாக்க இரிடியத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஈயம் போதும் என்றால் கோபால்ட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும், அறைச் சுவரும் அதற்கேற்ப.

ஆள் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஊசி ஏற்றும் நாளில் கதிர் மருத்துவர், மயக்க மருத்துவர், இயற்பியலாளர், தொழில்நுட்பர், இரண்டு செவிலியர் என்று ஆறு பேர், மூன்று மணி நேரம். 18 ஆள்மணி. அதற்குப் பதிலாக மிச்சமாகும் 16 நாள் வெளிக் கதிரில் நாளுக்கு கால் மணி, இரண்டு தொழில்நுட்பர் என்றால் 8 ஆள்மணி. ஊசி முறையில் மருத்துவமனைக்குப் பத்து மணி நட்டம்.

ஆனால் இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு திரும்புகிறது. வெளிக் கதிர் கொடுக்கும் ஒரு லீனியர் ஆக்சிலரேட்டர் நாளுக்கு எட்டு மணி ஓடினால், ஆளுக்கு கால் மணி வீதம் 32 பேர். ஆண்டுக்கு 250 நாளில் 8,000 இடம். எல்லோருக்கும் 39 நாள் என்றால் 205 பேர்தான் முடியும். 23 நாள் என்றால் 347 பேர். ஒவ்வொரு பெரியப்பாவும் திருப்பிக் கொடுக்கும் 16 இடம் வராந்தாவில் காத்திருக்கும் வேறொருவருக்கு.

அந்த வேறொருவர் பெரும்பாலும் ஒரு பெண். 2020இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறிந்த புராஸ்டேட் புற்றுநோய் 34,540 என்றும் கருப்பைவாய்ப் புற்றுநோய் 1,23,907 என்றும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. ஒரு ஆணுக்கு மூன்றரைப் பெண்கள். அந்தப் பெண்களுக்கு வெளியே 25 நாளும் உள்ளே மூன்று, நான்கு தடவையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட விதி. யாரும் அதை அரிய சிகிச்சை என்று பேசுவதில்லை. 2002இல் மண்டலப் புற்றுநோய் மையமான ஜிப்மர் போன்ற இடங்களில் இரிடியம் வந்து இறங்குவது முதலில் அவர்களுக்காகத்தான். அதே துகள், அதே இயந்திரம், அதே ஈயக் கதவு. ஆணுக்குக் கூடுதலாக வேண்டியது ஒரு அல்ட்ராசவுண்டு, ஐந்து மில்லிமீட்டர் துளைத் தட்டு, ஊசிகள், இவற்றைவிட முக்கியமாகத் தொடர்ந்து செய்து கைபழகிய ஒரு குழு. வருடத்துக்கு நாலு பேருக்குச் செய்து கை பழகாது. சுற்றுவட்டார மாவட்டங்களின் நோயாளிகளை ஒரே இடத்துக்கு அனுப்பினால்தான் எண்ணிக்கை சேரும். புதுச்சேரி அதற்குப் பொருத்தமான ஊர் என்று நான் நினைக்கிறேன். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் மூன்றும் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

காப்பீட்டைப் பற்றி இரண்டு வரி. 2024 அக்டோபரிலிருந்து எழுபது வயது நிறைந்தவர்கள் அனைவரும், வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். இந்த நோய்க்கு அந்த வயது மிகவும் பொருந்தும். ஆனால் அது மருத்துவமனைக் கதவுக்கு உள்ளே நடக்கும் செலவு. 2008இல் தொடங்கிய பழைய ராஷ்ட்ரிய சுவாஸ்த்ய பீமா திட்டத்தில் ஒரு அனுமதிக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை பயணப்படி இருந்தது. சிறிய தொகைதான், ஆனால் பஸ்ஸில் வருகிறார்கள் என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு உண்டு. விழுப்புரத்திலிருந்து தினமும் வருபவருக்கு அது உதவாது.

இந்த எண்களையெல்லாம் வைத்துக்கொண்டு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அறுபதைச் சுற்றிய வயது, அபாயம் கூடிய நோய், சிறுநீர் தடையின்றிப் போகிறது, சுரப்பி 60 மில்லிலிட்டருக்குள் இருக்கிறது என்றால் ஊசி முறையை வாய்விட்டுக் கேட்க வேண்டும். சொல்லவில்லையென்றாலும் கேட்க வேண்டும். எழுபத்தைந்தைத் தாண்டி, ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகிறவருக்கு 20 நாளோ 25 நாளோ போதும். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவராக அவரை ஆக்க வேண்டியதில்லை. யாருக்கானாலும், அபாயம் கூடிய நோயென்றால் ஹார்மோன் தடுப்பு கூடவே வரும். வெளிக் கதிர் மட்டுமென்றால் 18 முதல் 36 மாதம், ஊசியும் சேர்ந்தால் 12 மாதத்தோடு முடிய வாய்ப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றால் ஆறு முதல் பன்னிரண்டு ஊசிக்குப் பதில் நாலு.

போன மாதம் முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர், 61 வயது, தன் பரிசோதனைத் தாள்களோடு வந்தார். பெரியம்மாவின் காலண்டர் தாள்களைக் கடன் வாங்கி மேசைமேல் பரப்பி, பக்கத்தில் கோடு போட்டு, 83, 62, 18.4, 5.2 எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கணும்?"

இப்போது எத்தனை தடவை என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு என்றார். முதல் சில மாதம் நாலு, ஐந்து ஆகலாம், பிறகு பெரும்பாலோருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது என்றேன். அந்தச் சிலர் எத்தனை பேர் என்று கேட்டார். 18.4ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் இதைக் காட்டிக் கேட்கிறேன் என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.